1930கள்ல அமெரிக்க காலேஜ், மாசம் 15 டாலர் "என்.ஒய்.ஏ. காசு"ன்னா என்ன?

நூலகப்பூனை:
ஒரு ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி புரொஃபசரோட பழைய பேட்டி ஆடியோ கேட்டுட்டு இருக்கேன், அமெரிக்காக்காரர், பெரும் பொருளாதார மந்தம் சமயத்துல காலேஜ் படிச்சவர். என்.ஒய்.ஏ.ல மாசம் 15 டாலர் வந்துச்சு, லேப்ல சாமான் கழுவுனேன், அதுல பாதி பிரேக்கேஜுக்கே போச்சுன்னு சிரிக்கிறாரு. இது கடனா, ஸ்காலர்ஷிப்பா? அப்புறம் பில்டிங் பூரா அழுகின முட்டை நாத்தம்ங்கிறாரே, அது என்னது?

பழையகணக்கு:
ரெண்டும் இல்லீங்க, கூலி. நேஷனல் யூத் அட்மினிஸ்ட்ரேஷன், 1935 ஜூன்ல அப்ப பிரசிடென்ட்டா இருந்த ரூஸ்வெல்ட் ஆரம்பிச்சது. லைப்ரரி, டைப்பிங், லேப்னு காலேஜே ஏதாவது வேலை குடுக்கும், காசு கவர்மென்ட் தரும். பின்னாடி பிரசிடென்ட் ஆன நிக்சன் கூட டியூக்ல லா படிச்சப்ப மணிக்கு 35 சென்ட்டுக்கு இதுல வேலை பாத்தவர்தான். டெக்சாஸ்ல இத நடத்துனது யாரு தெரியுமா, அவரும் பின்னாடி பிரசிடென்ட் ஆனவர்தான், லிண்டன் ஜான்சன்!

குடுவை:
நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சால்ட் அனாலிசிஸ்ல, அதாவது உப்புல எந்த உலோகம் இருக்குன்னு கண்டுபிடிக்க, கிப் அப்பரட்டஸ்ங்கிற கேஸ் தயாரிக்கிற கண்ணாடிக் கருவில இருந்து கரைசலுக்குள்ள இந்த கேஸ விடுவாங்க, காப்பர்னா கருப்பா படியும், காட்மியம்னா மஞ்சள், ஆன்டிமனின்னா ஆரஞ்சு. விஷ வாயுதான், ஆனா லேப் பூரா அது பாட்டுக்கு சுத்தும். பிரேக்கேஜ்னா டெபாசிட் கட்டி வெச்சிருப்பாங்க, உடைய உடைய அதுல கழிப்பாங்க. ப்யூரெட்ல, அதான் அளவு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்ல, காரத்த ஊத்தி அப்படியே விட்டுட்டுப் போனா அடியில இருக்குற கண்ணாடி ஸ்டாப்காக் (திருகுற குழாய் மூடி) இறுகிக்கும், மறுநாள் வந்து கொஞ்சம் பலமா திருகுனா மடக்குனு போயிடும், பாவம் மனுசன் வாங்குன கூலிய அங்கயே கட்டிருப்பாரு.

பழையகணக்கு:
ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், இந்த மாதிரி பேட்டி எல்லாமே கஷ்டத்துலயும் ஜாலியா இருந்தோம்னுதான் போகும். 1933ல அங்க நாலுல ஒருத்தருக்கு வேலை இல்ல, காலேஜ் வாசல மிதிச்சவங்களே கொஞ்சம் பேர்தான், பாதில நின்னவன்கிட்ட யாரும் மைக் நீட்டல. கறுப்பின மாணவர்களுக்கும் இந்தக் காசு போய்ச் சேரணும்னு என்.ஒய்.ஏ. உள்ள இருந்தே மேரி மெக்லியோட் பெத்யூன் போராட வேண்டியிருந்துச்சு. இவரு அதப் பத்தி ஏதாச்சும் பேசறாரா?

நூலகப்பூனை:
இதுவரைக்கும் இல்ல, இன்னும் பாதி கேக்கணும். இப்ப கையில ஒட்டுன கிரீஸ பென்சீன்ல கழுவுவோம்னு சொல்றாரு, அது கேன்சர் வர வைக்கிற கெமிக்கல் ஆச்சே, நெசமாவா??

குடுவை:
நெசம்தான். அப்ப பென்சீன் லேப்ல சாதாரண சால்வென்ட் (கரைப்பான்). கெமிக்கல அளந்து எடுக்குற பிப்பெட் குழாயையும் வாயாலதான் உறிஞ்சுவாங்க. இத்தனையும் தாண்டி இந்த வயசுல பேட்டி குடுக்குறாரு பாருங்க!