ஹார்மோன் காயில் வைத்து 4 வருஷம்: ரத்தம் நின்றது, நாள் கணக்கும் போனது

நாற்காலியை விட்டு எழுந்ததும் திரும்பி நாற்காலியைப் பார்க்கிற பழக்கம் எப்போது ஒட்டிக்கொண்டது என்று ஞாபகமில்லை. 44 வயதில் என்று நினைக்கிறேன். மாதவிடாய் 21 நாளில் ஒரு தடவை வரும், அடுத்தது 50 நாள் ஆனாலும் வராது, அப்புறம் வந்தால் பத்து நாள், அதுவும் கட்டி கட்டியாக. இரவில் இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழே கறுப்புத் துண்டு விரித்து, அசையாமல் மல்லாந்து படுத்துக் கிடப்பேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது, அதுதான் என்று விட்டுவிட்டேன். கடைசியில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.9.

முதலில் பார்த்த டாக்டர், "குழந்தை பெத்தாச்சு இல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார், ஏதோ கடைவாய்ப் பல்லைச் சொல்கிற மாதிரி. இரண்டாவது டாக்டர் அவசரப்படவில்லை. 45 தாண்டி ரத்தப்போக்கு இப்படி மாறினால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் என்று ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த ரிப்போர்ட் நல்லபடியாக வந்த பிறகுதான் கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் காயில் என்ற சின்னக் கருவியின் பேச்சையே எடுத்தார்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் காப்பர் டி வைத்து, மாதாமாதம் ரத்தம் கொட்டி, இரண்டு வருஷத்தில் எடுத்தவள் நான். "அது வேற, இது வேற" என்றார். செம்பு ரத்தப்போக்கைக் கூட்டத்தான் செய்யுமாம். இதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், மொத்தம் 52 மில்லிகிராம், ஆரம்பத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசியும். அது கர்ப்பப்பையின் உள்சவ்வை மெலிதாக்கிவிடும், மாதாமாதம் உதிர்வதற்குப் பெரிதாக ஒன்றும் சேராது. கையில் கொடுத்துக் காட்டினார், தீக்குச்சி நீளம்கூட இல்லை. இதற்குப் போய் ஆபரேஷன் வரை யோசித்தோமே என்றிருந்தது.

வைக்கும்போது வலித்தது. "இருமுங்க" என்றார், இருமினேன், அந்த நொடியில் அடிவயிற்றில் யாரோ கிள்ளித் திருகின மாதிரி ஒரு வலி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான். சுகப்பிரசவம் ஆகாத என் தோழிக்கு இன்னும் கஷ்டம், மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வைத்தார்கள். வலிக்கவே வலிக்காது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், ஊசி வேண்டுமென்றால் முன்னாடியே வாய்விட்டுக் கேளுங்கள்.

முதல் 4 மாதம்தான் நரகம். கொட்டவில்லை, ஆனால் தினமும் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று போய் நின்றேன். "மூணிலேர்ந்து ஆறு மாசம் இப்படி இருக்கும்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார். சொல்லியிருப்பார், வலி பயத்தில் என் காதில் விழவில்லை. ஐந்தாவது மாதம் குறைந்தது. எட்டாவது மாதத்தோடு சுத்தமாக நின்றது. இரும்பு மாத்திரையும் விடாமல் போட்டேன், ஒரு வருஷத்தில் ஹீமோகுளோபின் 12.

48-ல் அடுத்த கதை. பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறும், ஜாக்கெட் நனையும், ஐந்து நிமிஷத்தில் குளிரும். காயில்தான் காரணம் என்று அதைத் திட்டினேன். பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சினைப்பை தன் வேலையைத் தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறது, அதுதான் இப்போது ஓய்கிறது. காயில் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளும், சூட்டுக்கு ஒன்றும் செய்யாது. அதற்கு ஈஸ்ட்ரோஜன் ஜெல் கொடுத்தார். கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் உள்சவ்வு தடித்துப்போகும், அதைத் தடுக்கிற வேலையை உள்ளே இருக்கிற காயிலே செய்துவிடுவதால் எனக்குப் புரொஜெஸ்டரோன் மாத்திரை தனியாகத் தேவைப்படவில்லை.

இப்போது 50. மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் மெனோபாஸ் என்பார்கள். எனக்கு மூணு வருஷத்துக்கு மேலாக வரவில்லை, அது காயிலா மெனோபாஸா? உங்களில் யாராவது கண்டுபிடித்தீர்களா?

*

அக்கா, எனக்கு 52. நான் ஹார்மோன் ஜெல் எதுவும் எடுக்கவில்லை, அதனால் சினைப்பை ஓயும்போது கூடுகிற எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 50 தாண்டியவர்களுக்கு அது 30-க்கு மேல் இருந்தால் இன்னும் ஒரு வருஷம் காயிலை வைத்திருந்துவிட்டு எடுத்துவிடலாம், அப்புறம் கர்ப்பத் தடை தேவையில்லை என்றார்கள். காயில் உள்ளே இருந்தாலும் இந்தப் பரிசோதனை செய்யலாமாம். நீங்கள் ஈஸ்ட்ரோஜன் போடுவதால் உங்களுக்கு அந்த எண்ணை நம்ப முடியாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*

எல்லாருக்கும் ஒத்துவரும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அதனால் எழுதுகிறேன். எனக்கு ரத்தம் குறைந்தது உண்மை. ஆனால் மார்பு கனத்து வலி, தாடையில் பதினாறு வயசுப் பெண் மாதிரி பரு, அதைவிட மோசம் காரணமே இல்லாத அழுகை. காய்ந்த துணியை மடித்துக்கொண்டே அழுதிருக்கிறேன். "ரத்தத்துல கலக்கிற அளவு ரொம்பக் கம்மி, இதால இருக்காது" என்றார்கள். இருக்கலாம், அந்த வயதில் மனசு எப்படியும் ஆடத்தான் செய்யும். ஆனாலும் 7 மாதத்தில் எடுக்கச் சொன்னேன், எடுப்பது ஒரு இருமல் நேரம்தான், மூன்று வாரத்தில் பழைய ஆளானேன். ரத்தப்போக்கு திரும்ப வந்தது, அந்த நாட்களுக்கு மட்டும் ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை போட்டு 51 வரை ஓட்டினேன், அப்புறம் தானாக நின்றது. நான் தோற்றுப்போனதாக என் அக்கா இன்றைக்கும் பேசுவாள். இதில் தோற்க என்ன இருக்கிறது?

*

எனக்குக் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்ற சதைக் கட்டி இருந்தது, இரண்டாவது மாதமே காயில் வெளியே வந்துவிட்டது. பாத்ரூமில் ரத்தக் கட்டியோடு விழுந்ததை முதலில் நான் கவனிக்கவே இல்லை, காயிலின் நுனியில் தொங்குகிற நூல் கைக்குத் தட்டுப்படாததால்தான் ஸ்கேனுக்குப் போனேன். 20 பேரில் ஒருவருக்கு இப்படி ஆகுமாம், ரத்தப்போக்கு அதிகம் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். மாதம் ஒரு தடவை நூலைத் தொட்டுப் பாருங்கள். இரண்டாவது தடவை வைத்தது 3 வருஷமாக அசையாமல் இருக்கிறது.

*

ஒரு சந்தேகம். எனக்கு வைத்தவர் 8 வருஷம் என்றார், வேறொருவர் 5 என்கிறார், இன்னொருவர் 55 வயது வரை எடுக்கவே வேண்டாம் என்கிறார். எது சரி?

*

மூன்றுமே சரிதான், எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கர்ப்பத் தடைக்கு 8 வருஷம். 45-க்கு மேல் வைத்தது என்றால் கர்ப்பத் தடைக்காக 55 வரை விட்டுவிடலாம் என்பது பிரிட்டனில் உள்ள வழிகாட்டுதல். ஆனால் ஈஸ்ட்ரோஜன் போடுகிறவர்கள் உள்சவ்வுப் பாதுகாப்புக்கு 5 வருஷத்தில் மாற்றிவிட வேண்டும். அதுவும் 52 மில்லிகிராம் காயில் மட்டும்தான், 13.5, 19.5 என்று வருகிற சின்னவை இந்த வேலைக்கு ஆகாது. வைத்தபோது கொடுத்த அட்டையில் என்ன அளவு என்று பாருங்கள்.

இன்னொன்று. இரண்டு வருஷம் ஒரு சொட்டும் இல்லாமல் இருந்துவிட்டு எனக்குத் திடீரென்று பட்டது. காயில்தானே, அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு மாதம் சும்மா இருந்தேன், அது தப்பு. பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி உள்ளே இருந்தது, எடுத்தார்கள், பயப்படும்படி இல்லை. நின்ற ரத்தம் மறுபடி வந்தால் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

*

முதலில் எழுதியவள்தான். அட்டையைத் தேடி எடுத்தேன், 52 தான், அடுத்த வருஷம் 5 முடிகிறது. டாக்டரிடமும் போனில் கேட்டேன், "ஜெல்லை நிறுத்தாம கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க" என்று சிரித்தார். ஜெல்லை நிறுத்தவா, அந்தச் சூடு மறுபடியும் வரவா, வேண்டவே வேண்டாம்.