அம்மம்மாவின்ர பிஸ்கட்டும் மகன்ர வயிறும்

திருகோணமலை உவர்மலையில இருக்கிறம். மகனுக்கு மூன்றரை வயசு. மூண்டு கிழமையா வயிறு ஊதி, நாளுக்கு நாலைஞ்சு தரம் தண்ணியாப் போகுது. காய்ச்சல் இல்லை. பால் நிப்பாட்டிப் பார்த்தன், பூச்சிமருந்தும் குடுத்தாச்சு. டொக்டர் மலம் சோதிச்சுக் கிருமி இல்லை எண்டிட்டார்.

முந்தாநாள்தான் பிடிபட்டது. அம்மம்மா தன்ர சீனி வருத்தத்துக்கு வாங்கிற பிஸ்கட்டை ஒளிச்சு ஒளிச்சு ஊட்டியிருக்கிறா! பக்கெட்டுக்குப் பின்னால பொடி எழுத்தில 420, 965 எண்டு கிடக்கு. அது சீனிக்குப் பதிலாப் போடுற இனிப்பூட்டியளின்ர நம்பர்: சோர்பிட்டோல், மால்டிட்டோல். இதுகளைக் குடல் முழுசா உறிஞ்சாது, குடலுக்குள்ள தண்ணியை இழுக்கும்.

நிப்பாட்டி ரெண்டு நாள், வயிறு கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆனா வெறும் பாலைத் துப்புறான், கதலிப்பழத்தையும் "இனிக்கேல்லை" எண்டு தள்ளுறான். அம்மம்மாவும் கோவத்தில கதைக்கிறா இல்லை, அது வேற கதை.

சீனியும் இனிப்பூட்டியும் போடாமல், இந்த வயசில பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்கு என்ன குடுத்துப் பழக்கினீங்கள்?