சீட்டுக்குக் கொடுத்த 6,500 ரூபாய்

பேட்டையிலிருந்து

போன ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள். நெல்லையப்பர் கோயில் ரதவீதி ஓரமா ஒருத்தர் ஜமுக்காளம் விரிச்சு பழைய காசு பரப்பியிருந்தாரு. அட்டையை மடிச்சு நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடிச்ச உறைக்குள்ள ஒரு வெள்ளி ரூபாய், இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது. அட்டையில செவப்பு மையில "1939. ரொம்ப அபூர்வம். புழங்காதது"ன்னு எழுதியிருந்துச்சு. காசு சேக்கிறவங்களுக்கு அது என்னன்னு தெரியும். 1938 தேடினா கெடைக்கும். 1940க்கு மேல பாதி வெள்ளிக் காசு எங்க பாத்தாலும் கெடக்கும். நடுவுல இருக்க அந்த ஒரு வருசம்தான் கண்ணுலயே படாது.

"பிரிச்சுப் பாக்கலாமா அண்ணாச்சி?"ன்னேன். "பிரிச்சா மதிப்பு போயிரும்லா. அதான் மேலயே எல்லாம் எழுதியிருக்கே"ன்னாரு. 8,000 சொன்னாரு, 6,500க்கு முடிஞ்சுது. அவ்வளவு அபூர்வமானதை ஒரு மனுசன் பொரிகடலைக் கடைக்குப் பக்கத்துல வச்சு ஏன் விக்காருன்னு எனக்குத் தோணவே இல்ல.

வீட்ல பிரிச்சுத் தராசுல வச்சேன். 11.6 கிராம். சரியான எடை 11.66. கொஞ்சம் தேஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். "புழங்காதது"ன்னு எழுதுன காசு எப்படித் தேயும்னும் தோணல பாத்துக்கோங்க. காந்தம் ஒட்டல. சுண்டினா நல்ல மணிச்சத்தம். நிம்மதியா தூங்கிட்டேன்.

எங்க மாமா நகை ஆசாரி. அவாள்ட்ட பெருமைக்குக் காட்டினேன். லென்ஸைக் கண்ணுல இடுக்கி ரொம்ப நேரம் பாத்தாவ. "மருமகனே, வெள்ளி சுத்தம். காசும் அசல்தான். ஆனா இந்த 9 பொறக்கும்போது 9 இல்ல." 8ல கீழ்வட்டத்தோட இடது பக்கத்தை யாரோ சுரண்டி எடுத்திருக்காவ. சுத்தியுள்ள தளம் வழவழன்னு இருக்கு. அந்தக் கடுகளவு எடத்துல மட்டும் கீறல் கீறலா கெடக்கு. லென்ஸ் இல்லாம எனக்கு அது தெரிஞ்சிருக்கவே செய்யாது. "நீ ரூபாய் வாங்கல டே, மேல எழுதியிருந்த சீட்டை வாங்கிட்டு வந்திருக்க"ன்னாவ.

திரும்பப் போனா அந்த எடத்துல பஞ்சுமிட்டாய் வண்டி நிக்கு. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா சொல்லுங்க. எனக்கு மட்டும்தான்னா ரொம்ப வெக்கமா இருக்கு.

அம்பாசமுத்திரத்திலிருந்து

எனக்கு நடந்தது தலைகீழ். ஆச்சி போனப்புறம் அவங்க டிரங்குப் பெட்டியில 1947 ரூபாய் ஒண்ணு இருந்துச்சு, பின்பக்கம் புலி போட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் காந்தத்தை வச்சாவ, டக்குன்னு ஒட்டிக்கிட்டு. "போலிம்மா, தூக்கிப் போடு"ன்னுட்டாவ. நல்லவேளை போடல. அந்த வருசத்து ரூபாய் நிக்கல். நிக்கல் காந்தத்துல ஒட்டத்தான் செய்யும், ஒட்டாட்டிதான் சந்தேகப்படணும்.

அப்புறம் ஒரு கடையில அதே 1947க்கு "வெள்ளி"ன்னு சீட்டு ஒட்டி 900 ரூபாய் சொன்னாங்க. கைப்பையில திருச்செந்தூர் முருகன் படம் போட்ட ஃபிரிட்ஜ் காந்தம் இருந்துச்சு. எடுத்து வச்சேன். கடைக்காரர் ஒண்ணும் பேசாம சீட்டை உரிச்சிட்டாரு.

வள்ளியூரிலிருந்து

ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், "ஈஸ்ட் இண்டியா கம்பெனி 1818" மறுபக்கம். எங்க வீட்டுப் பூஜை அறையில இருக்கு. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. அம்மாட்ட சொன்னேன். "ராமர் போலியா?"ன்னு கேட்டா. அதோட விட்டுட்டேன்.

செங்கோட்டையிலிருந்து

எங்க ஊர் முன்ன திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்துச்சு, 1956லதான் இந்தப் பக்கம் சேந்துச்சு. அதனால சக்கரம், பணம்னு அந்தச் சமஸ்தானத்துக் காசுக பழைய வீடுகள்ல இன்னும் கெடக்கும். குற்றாலம் சீசன்ல ஒரு கடையில சங்கு போட்ட வெள்ளிக்காசு பாத்தேன், பக்கத்துல சீட்டு: "கி.பி. 1116, சோழர் காலம்." காசுல 1116ன்னு இருக்கது வாஸ்தவம். ஆனா அது கொல்லம் ஆண்டு, மலையாளத்து வருசக் கணக்கு. 825 கூட்டுங்க, 1941 பக்கத்துல வந்து நிக்கும். எங்க தாத்தா ஜாதகத்துலயும் கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும், அதனால எனக்கு உடனே பிடிபட்டுச்சு. "குலோத்துங்கன் காலத்துல இங்கிலீஷ் எழுத்து ஏது வே?"ன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, வாங்குனப்பவே சீட்டு இருந்துச்சு"ன்னாரு. அவரு பொய் சொன்ன மாதிரி தெரியல. அவரையும் எவனோ ஏமாத்தியிருக்கான்.

பாளையங்கோட்டையிலிருந்து

வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பேட்டைத் தம்பி, தராசு உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது. ஆனால் எடையை மட்டும் நம்ப முடியாது. 1939 வரை வந்த ரூபாயில் 100க்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்ததில் 50 பங்குதான். இரண்டுக்கும் எடை அதே 11.66.

நான் செய்வது இது. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்வேன். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக முங்கவிட்டுத் தராசைப் பார்ப்பேன். அது காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. நல்ல வெள்ளி ரூபாய் என்றால் 1.13 கிராம் அளவில் நிற்கும். பாதி வெள்ளி 1.2ஐத் தாண்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் 1.3 வரும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், தட்டிவிட வேண்டும். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஆர்க்கிமிடீஸ் நடத்தியிருக்கிறேன். அதை வைத்து எனக்குப் பணம் மிச்சமானது ஓய்வு பெற்ற பிறகுதான்.

ஆனால் ஆண்டைச் சுரண்டியதைத் தண்ணீர் காட்டாது. அதற்கு லென்ஸ்தான். பத்து மடங்கு பெருக்குவது போதும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து முதலில் ஆண்டின் கடைசி எண்ணைப் பாருங்கள், பிறகு விளிம்பை. உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலியாக இருந்தால் விளிம்பைச் சுற்றி ஒட்டு போட்ட கோடு தெரியும், தளத்தில் பொடிப்பொடியாகக் குழி இருக்கும்.

களக்காட்டிலிருந்து

இது வேற ரகம். வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்குல தாறோம், ரிசர்வ் வங்கி அனுமதிக்கு முதல்ல 2,000 கட்டுங்கன்னு போன் வந்துச்சு. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி கமிஷன் கேக்காங்க, நம்பாதீங்கன்னு அந்த வங்கியே 2021ல அறிவிச்சிருக்கு. நான் கட்டல. மச்சான் கட்டினான். அந்த 5 ரூபாய் இப்ப அவன் வீட்ல டிவி மேல இருக்கு.

பேட்டையிலிருந்து

எல்லாத்தையும் படிச்சேன். வாத்தியார் சொன்னபடி நேத்து ராத்திரி நூல்ல கட்டி முக்கினேன். 1.13. மாமா சொன்னது சரிதான், வெள்ளி சுத்தம்.

அந்தச் செவப்பு மைச் சீட்டைக் கிழிச்சிட்டு வேற அட்டை போட்டிருக்கேன். பென்சில்ல எழுதியிருக்கேன்: "1938. கடைசி எண் சுரண்டியது. 6,500 ரூபாய்." இந்தத் தடவை ஸ்டேப்ளர் அடிக்கல.