கோத்தகிரி வீட்டு மைன்கிராப்ட் சர்வர்: போர்ட் திறந்தும் வெளியிலிருந்து நுழைய முடியல

தேயிலைச்சரிவு (கோத்தகிரி):
ரெண்டு ஞாயித்துக்கிழமை இதிலேயே போயிடுச்சு, அதான் கேக்குறேன். தம்பி ப்ளஸ் ஒன் படிக்கிறான். மே மாசம் வரைக்கும் சித்தப்பா பசங்க பக்கத்து வீட்டுலதான் இருந்தாங்க. இப்ப கோயமுத்தூருக்குக் குடி போயிட்டாங்க. மூணு பேரும் சேர்ந்து மைன்கிராப்ட் கேம்ல ஒரு ஊரே கட்டியிருக்காங்க. அரவேணு பஸ் ஸ்டாப், டீ பேக்டரி, எங்க பாட்டி வீட்டு ஓடு வரைக்கும் அதுல இருக்கு. அது அப்படியே நின்னுடக் கூடாதுன்னு என் பழைய லேப்டாப்ல ஜாவா சர்வர் போட்டேன்.

லேப்டாப்புக்கு ரவுட்டர்லயே 192.168.1.7னு மாறாத ஐபி ஒதுக்கியாச்சு. மைன்கிராப்ட் சர்வர் கேக்குற போர்ட் (வெளியாட்கள் நுழையுற கதவு எண் மாதிரி) டிசிபி 25565-ஐ அதுக்குத் திருப்பியாச்சு. விண்டோஸ் பயர்வால்ல ஜாவாவுக்கு அனுமதியும் கொடுத்தாச்சு. வீட்டுக்குள்ள தம்பி நல்லா விளையாடுறான். கோயமுத்தூர்ல இருந்து வந்தா 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'. லேப்டாப்பை ரவுட்டர்ல டிஎம்இசட்ங்கிற அமைப்புல போட்டுடுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். போடலாமா?

பைகாராகாற்று (குன்னூர்):
டிஎம்இசட் வேண்டவே வேண்டாங்க. ஒரு போர்ட்டுக்காக அந்த லேப்டாப்போட எல்லாப் போர்ட்டையும் வெளியில நீட்டுற வேலை அது. பழைய லேப்டாப்புன்னு வேற சொல்றீங்க.

முதல்ல ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல 'வான் ஐபி'ன்னு (ரவுட்டரோட வெளிப்பக்க முகவரி) இருக்கிறதைக் குறிச்சுக்குங்க. அப்புறம் அதே வைஃபையில போன்ல 'என் ஐபி என்ன'ன்னு தேடிப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா? போர்ட் சோதிக்கிற தளத்துல பாக்குறதா இருந்தா சர்வர் ஓடிட்டிருக்கணும். நிறுத்தியிருந்தா போர்ட் மூடியிருக்குன்னுதான் காட்டும்.

தேயிலைச்சரிவு:
ஒண்ணு இல்லீங்க. ரவுட்டர்ல 100.72ன்னு தொடங்குது, போன்ல 103ன்னு வருது. இது தப்பா?

பைகாராகாற்று:
உங்க தப்பு எதுவுமே இல்லைங்க, நீங்க செஞ்சதெல்லாம் சரி. இது சிஜிநாட். ஐபிவி4ங்கிற பழைய வகை ஐபி முகவரி உலகத்துக்கே சுமார் 429 கோடிதான். அதனால இணையம் கொடுக்கிறவங்க நிறைய வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால வைக்கிறாங்க. 100.64 முதல் 100.127 வரைக்கும் இதுக்குன்னே 2012-ல ஒதுக்கினது.

எஸ்டேட் லைன் வீட்டுக்குத் தபால் வர்ற மாதிரி நினைச்சுக்குங்க. முகவரியில எஸ்டேட் பேர் மட்டும் இருந்தா கடுதாசி ஆபீஸ் வரைக்கும் வரும், எந்த லைன்னு அங்க யாருக்கும் தெரியாது. நீங்க உங்க வீட்டு வாசல்ல பேர் எழுதி வெச்சிருக்கீங்க. கடுதாசி நிக்கிறது ஆபீஸ்ல.

உங்க வான் ஐபி 192.168னோ 10னோ தொடங்கியிருந்தா, இணையம் கொடுக்கிறவங்க பெட்டிக்குப் பின்னால நம்ம சொந்த ரவுட்டர்னு ரெண்டு அடுக்கு இருக்கலாம். அப்படின்னா அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (இணையத்தை அப்படியே நம்ம ரவுட்டருக்கு விட்டுடுறது) மாத்தினா சரியாகும். உங்களுக்கு அது உதவாது.

லவ்டேல்_ரயில் (ஊட்டி):
நானும் இதுல மாட்டினவன். வழி ரெண்டு. மாசம் கொஞ்சம் கூடுதலா கட்டி ஸ்டாட்டிக் (மாறாத) பொது ஐபி கேக்கலாம். மூணு பசங்களுக்கு அது தேவையே இல்லைன்னு நான் சொல்வேன். டெயில்ஸ்கேல்னு ஒரு ஆப் போடுங்க, சொந்த உபயோகத்துக்கு இலவசம். சர்வர் லேப்டாப்லயும் கோயமுத்தூர் கம்ப்யூட்டர்லயும் போட்டு ஒரே வலையில சேர்த்துட்டா, சர்வருக்கு ஒரு முகவரி தரும். பசங்க அதைப் போட்டு நுழையலாம். அதுவும் 100லதான் தொடங்கும், வான் ஐபியோட போட்டுக் குழப்பிக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) இருந்தா ரவுட்டர் பயர்வால்ல மட்டும் திறந்து நேரா போகலாம். ஆனா ஒரு பக்கம் இல்லைன்னாலும் நடக்காது.

இன்னொண்ணு அக்கா, ஐப்பசி மழைக்கு முன்னால ரவுட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கிடுங்க. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, அதுங்களுக்கு இல்ல. மைன்கிராப்ட் உலகத்தை வாரம் ஒரு தடவை பென்டிரைவ்ல காப்பி எடுங்க. பாட்டி வீடு அதுல இருக்குல்ல.

தேயிலைச்சரிவு:
நேத்து ராத்திரி டெயில்ஸ்கேல் போட்டேன், இருபது நிமிஷம்கூட ஆகல. சின்னவன் நுழைஞ்சதும் நேரா பாட்டி வீட்டுக்குத்தான் ஓடினான். ரவுட்டர்ல திறந்த 25565-ஐ அழிச்சுட்டேன். ஒயிட்லிஸ்ட் போட்டு மூணு பேர் மட்டும் வர்ற மாதிரி வெச்சாச்சு. பென்டிரைவ் காப்பியும் எடுத்துட்டேன். ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.