வெள்ளி சென்னை, சனி பெங்களூரு, ஞாயிறு கோவை: மூன்று இரவும் டிஜே, எப்படிச் சமாளிப்பது?

அண்ணாநகர்_டெக்

வாரநாளில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை, வார இறுதியில் டிஜே. இதுவரை ஒரு வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி என்றுதான் ஓடியது. வருகிற வாரம் மூன்றும் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன.

வெள்ளி இரவு சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டல் கிளப். ஹவுஸ், டெக்னோ, பழகிய கிரவுட், கவலை இல்லை. சனி கோரமங்களாவில் தமிழ் நைட், இரவு ஒரு மணிக்குக் கடை மூடும்வரை நான்தான். ஞாயிறு மாலை கோவையில் கல்யாண வரவேற்பு. திறந்தவெளிப் புல்தரை, பறைக்குழுவோடு சேர்ந்து லைவ். மாப்பிள்ளையின் அக்கா கல்லூரித் தோழி, மறுக்க முடியவில்லை. (காசும் நல்ல காசு, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

என் பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கிறது, பாதிப் பாட்டு ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்). வெள்ளிக்கு சிடிஜே-3000 (பயோனியரின் டிஜே பிளேயர்). பெங்களூருக்காரர்களிடம் எந்த மாடல் என்று கேட்டால் "பயோனியர்தான் மேடம்" என்கிறார்கள். கோவைக்கு என் சொந்த கன்ட்ரோலர். அப்புறம், குத்துப் பாட்டை ஹவுஸோடு சேர்க்கும் இடத்தில் எனக்கு எப்போதும் நொண்டுகிறது. பறையும் கூட வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. பழகியவர்கள் சொல்லுங்கள்.

பர்மா_பஜார்_கேசட்

"பயோனியர்தான் மேடம்" என்றால் பழைய மாடல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட்டை 3000 படிக்கும், அதற்கு முந்தைய 2000 வரிசை படிக்காது. ஃபேட்32 என்றால் எல்லாமே படிக்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாமல் மல்லுக்கட்டும். பேசாமல் 32 ஜிபி டிரைவ் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே சரக்கை ஏற்றுங்கள். ஃபிளாக் 2000 வரிசையின் கடைசி மாடலான நெக்ஸஸ் 2-இல் ஓடும், அதற்கு முன்னால் வந்தவற்றில் ஓடாது. சனிக்கிழமைப் பட்டியலை முழுதாக பழைய மாடலும் படிக்கும் ஏஐஎஃப்எஃப் அல்லது 320 கேபிபிஎஸ் எம்பி3 ஃபைலாக ஆக்கிவிடுங்கள்.

நொண்டுவதற்கு வருவோம். சரக்கு அங்கேதான் இருக்கிறது. ஹவுஸ் சதுஸ்ர நடை, டப்பாங்குத்து பெரும்பாலும் திஸ்ரம். காலுக்கு அடி ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு அடி ஹவுஸில் இரண்டு நான்காகப் பிரியும், குத்தில் மூன்றாகப் பிரியும். பாட்டை அலசி வேகம் சொல்லும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளுக்கு இந்த மூன்று பல நேரம் பிடிபடாது. கால் விழுவது நிமிடத்துக்கு 96 அடி என்றால் அது 144 என்று ஒன்றரை மடங்கு காட்டி உட்கார்ந்திருக்கும். அதை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தைத் தானே பொருத்தும் சிங்க் பொத்தானை அழுத்தினால் நொண்டாமல் என்ன செய்யும்? குத்துப் பாட்டு ஒவ்வொன்றையும் நீங்களே கையால் தட்டி வேகத்தைப் போடுங்கள், முதல் அடி எங்கே விழுகிறது என்பதையும் நீங்களே குறியுங்கள். 80களின் பாட்டு என்றால் இன்னொரு தொல்லை. கூடி உட்கார்ந்து வாசித்த தாளம், போகப்போக வேகம் லேசாக ஏறும் இறங்கும். அவற்றுக்கு அனாலிசிஸில் 'டைனமிக்' முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஹவுஸ் கிக்கையும் (பேஸ் டிரம் அடி) குத்தையும் நீளமாக ஒன்றன்மேல் ஒன்று ஓட்டாதீர்கள். எனக்குத் தெரிந்து அது யாருக்கும் நன்றாக வந்ததில்லை. குரல் மட்டும் இருக்கும் இடத்தில் கிக்கை எடுத்துவிட்டு, தவிலோ உருமியோ தனியாகத் தொடங்கும் இடத்தில் நேரே இறங்குங்கள். கிரவுட் மூச்சு வாங்க ஒரு நொடி, அப்புறம் குத்து.

மிக்ஸர்_மாமா

நான் மேடைக்கு ஒலிபெருக்கி அமைக்கும் பி.ஏ. சவுண்ட் ஆள். ஞாயிறு பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் நேரம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்கு விலக்கு உண்டு, புல்தரைக்குக் கிடையாது. வீட்டார் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார்கள். போலீஸ் வந்தால் கன்சோலுக்குப் பின்னால் நிற்பது நீங்கள்தான். உங்கள் உச்சகட்டம் 9:40-க்குள் வருகிற மாதிரி செட்டை அமையுங்கள்.

அடுத்து பறை. குழு மேடையில் நிற்காது, கூட்டத்துக்குள் இறங்கும், ஆடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி நின்றால் உங்கள் கிக் அவர்களுக்கு 50 மில்லிநொடி தாமதமாகக் கேட்கும். அதற்குச் சரியாக அவர்கள் அடிப்பார்கள், அந்த அடி உங்களிடம் திரும்பி வர இன்னொரு 50. உங்கள் காதுக்கு அவர்கள் இழுப்பதுபோல் இருக்கும், நீங்கள் வேகம் திருத்தும் ஜாக் வீலைத் தள்ளுவீர்கள், அவர்கள் தடுமாறுவார்கள். தப்பு யாருடையதும் இல்லை. அவர்கள் ஆடும் இடத்துக்கு அருகே தனி மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று கேட்டு வாங்குங்கள். சேர்ந்து அடிக்கும் பகுதியை அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் பறையா, ஃபைபரா என்றும் கேளுங்கள். தோல் என்றால் நெருப்பில் காய்ச்ச வேண்டும். புல்தரைக்காரர்கள் நெருப்புக்கு மூலை ஒதுக்குவார்களா என்று இப்போதே பேசிவிடுவது நல்லது. பனி இறங்கினால் நடுவிலும் ஒருமுறை காய்ச்சுவார்கள், அந்த இடைவெளியை நிரப்பப் பாட்டு கையில் இருக்கட்டும்.

தருமபுரிக்காரி

இசை பற்றித் தெரியாது, ரோடு பற்றித் தெரியும். பெங்களூருவிலிருந்து கோவை வரை மட்டும் ஓடும் வந்தே பாரத் மதியம் கிளம்பி இரவுதான் சேரும், உங்களுக்கு ஆகாது. கிளப் முடிந்த கையோடு காரில் கிளம்பாதீர்கள். விடியற்காலை நேரத்தில் தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். லாரி பிரேக் பிடிக்காமல் நடக்கும் விபத்துகளுக்கு அந்த இடம் எங்கள் பக்கம் பேர் போனது. தூங்கி எழுந்து காலை எட்டுக்கு டிரைவர் வைத்துக் கிளம்புங்கள் அக்கா. மாலைக்குள் தாராளமாகப் போய்விடலாம்.

பர்மா_பஜார்_கேசட்

காது பற்றி யாரும் சொல்லவில்லையே. 85 டெசிபலில் எட்டு மணிநேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் வரம்பு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 தொட்டால் கால் மணிநேரம்தான். கிளப்பில் டிஜே நிற்கும் பூத்தில் 100 என்பது சாதாரணம். இசைக்கென்றே ஃபில்டர் வைத்த இயர்பிளக் கிடைக்கிறது, பஞ்சு அடைத்ததுபோல் மந்தமாக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். பூத் மானிட்டரை மிக்ஸ் செய்யும்போது மட்டும் ஏற்றுங்கள். வெள்ளி இரவே காதை அடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை ஹை-ஹேட் (டிரம்ஸின் ஜால்ரா சத்தம்) எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அண்ணாநகர்_டெக்

எல்லோருக்கும் நன்றி. டிரைவ் இரண்டும் வாங்கியாயிற்று, இன்று இரவு முழுக்க குத்துக்குத் தட்டும் வேலைதான். வெள்ளி செட்டுக்குப் புதிதாக எதுவும் தேடப்போவதில்லை, போன மாதத்துப் பட்டியலே போதும்.

பறைக்குழு ஆசானைப் போனில் பிடித்தேன். தோல்தான். மானிட்டர், தாமதம் என்று நான் விளக்கிக்கொண்டே போக, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ பாட்டை நிறுத்தும்மா, நாங்க தனியா அடிக்கிறோம். கை தூக்கினா நீ போடு" என்றார்.

மிக்ஸர்_மாமா

அவர் சொல்கிறபடியே செய்யுங்கள். மானிட்டரையும் கேட்டு வாங்கிவிடுங்கள், கல்யாண வீட்டில் யாராவது "சேர்ந்து அடிங்க" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.