எஃகு வாள் சண்டைக்கு 14ஆம் நூற்றாண்டுக் கவசம்: எங்கே உடையும், ஏன் உடையும்

பூகர்ட் என்கிற எஃகு ஆயுதக் குழுச் சண்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "தகடு எத்தனை மில்லி போடலாம்?" என்றுதான். அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. உள்ளே என்ன உடுப்பு, எடை உடம்பில் எங்கே தொங்குகிறது, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் தகடு. கவசம் செய்கிறவர்களும் போட்டுச் சண்டை போடுகிறவர்களும் அவரவர் கண்டதை இங்கே எழுதலாம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதி, அதாவது பேசினெட் தலைக்கவசமும் தகடு கோத்த மார்பு அங்கியும் உள்ள தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் தொடங்குவது அதில்தான்.

* * *

உள் உடுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். தகடு வெட்டிவிட்டு அப்புறம் பஞ்சு அங்கி தைத்தால் எல்லா அளவும் கெட்டுப்போகும். முதலில் அங்கி, அதைப் போட்டுக்கொண்டு அதன் மேல் நாடா வைத்து அளவு, அந்த அளவில் அட்டை, அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு இரும்பு. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

பிரான்ஸின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் ஷார்ல் த ப்ளுவா அணிந்ததாகச் சொல்லப்படும் உடுப்பு ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் பிரபுவான அவர் 1364இல் போரில் இறந்தவர். அந்த உடுப்பின் கை வெட்டைப் படத்திலாவது உற்றுப் பாருங்கள். கைத்துவாரம் தோளோடு நிற்காமல், மார்பிலும் முதுகிலும் பெரிய வட்டமாக உள்ளே ஓடும். அதனால் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் உடம்புப் பகுதி மேலே ஏறாது. சாதாரணச் சட்டை வெட்டில் தைத்த அங்கியில் கையைத் தூக்கினால் இடுப்பு வரை எல்லாம் சேர்ந்து எழும்பும். அந்த இடுப்பில் கால் கவசம் கட்டியிருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள். சில நிமிஷத்தில் தோள் செத்துவிடும்.

கால் கவசம் தோளில் தொங்கக் கூடாது. இடுப்பெலும்புக்கு மேல் அங்கியை உடம்போடு ஒட்டி இறுக்க வேண்டும். கயிறு கட்டும் துளைகளை அந்த இறுக்கத்துக்குக் கீழே வைக்க வேண்டும். அப்போது எடை இடுப்பெலும்பில் உட்காரும். துணி லினன் அல்லது கெட்டிப் பருத்தி. உள்ளே கொட்டிய பஞ்சை விடப் பழைய துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தது நல்லது. பஞ்சு ஒரு பருவத்திலேயே கீழே இறங்கி, தோள்பட்டையில் வெறும் துணி மிஞ்சும். காறை எலும்பு (தோளையும் மார்பையும் இணைக்கும் எலும்பு) உடைவது அங்கேதான்.

* * *

தகடு வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1.5 மில்லி எஃகுத் தகடு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 11.8 கிலோ, 2 மில்லி என்றால் 15.7 கிலோ. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். உடம்பு முழுக்க மூடும்போது அது பல கிலோ. அதனால்தான் மைல்ட் ஸ்டீலில் 2 மில்லி போடுவதற்குப் பதில் 65ஜி, 1050 மாதிரி கார்பன் கூடிய எஃகில் குறைந்த கனத்தில் செய்து சூட்டுப்பதம் கொடுக்கிறார்கள். மைல்ட் ஸ்டீலை எண்ணெயில் முக்கினால் ஒன்றும் ஆகாது, அதில் கார்பன் போதாது.

65ஜி தகட்டை 820, 830 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி எண்ணெயில் முக்க வேண்டும். முக்கியவுடன் அது கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே விழுந்தாலே விரியலாம். உடனே மறுசூடு காட்டிப் பதத்தைத் தளர்த்த வேண்டும். மறுசூட்டைக் குறைத்தால் கடினம் மிஞ்சி விரிசல் வரும், மிகுந்தால் வளையும். கவசத்துக்கு விரிசலை விட வளைவு தேவலை. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். விரிந்த துண்டு உள்பக்கம் சதையில் குத்தும்.

துளைகள் எல்லாவற்றையும் சூட்டுப்பதத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு டிரில் பிட் ஏறாது. விளிம்பில் அரம் போட்டு, கீறல் ஒன்றுகூட இல்லாமல் வழவழப்பாக்க வேண்டும். எண்ணெயில் இறங்கும்போது விரிசல் தொடங்குவது அந்தச் சின்னக் கீறலில்தான். மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். மறுசூட்டின்போது கிளாம்ப் போட்டு நிமிர்த்தினால் பெரும்பாலும் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. கூரைக்குப் போடும் ஜிங்க் பூசிய தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்து உலையில் வைக்காதீர்கள், வெல்டிங்கும் செய்யாதீர்கள். அந்தப் புகை காய்ச்சல், நடுக்கம், நெஞ்சு இறுக்கம் எல்லாம் கொண்டுவரும்.

முழங்கால் கிண்ணத்துக்குக் குழி வெட்டிய மரக்கட்டையும் உருண்டைத் தலைச் சுத்தியலும் போதும். விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வாருங்கள். ஓர் அடியின் தடத்தில் பாதி மேல் அடுத்த அடி விழ வேண்டும். விளிம்பில் சுருக்கம் எழும். அதை அந்தச் சுற்றிலேயே தட்டி அடக்க வேண்டும். மடிந்து படிய விட்டால் அந்த மடிப்பு பின்னால் விரியும். குழியில் அடித்து இறக்குகிற முறையில் நடுப்பகுதி மெலிந்துகொண்டே போகும். அடி அதிகம் விழுவதும் அந்த நடுவில்தான். அதனால் ஆழமான வடிவத்துக்குத் தடித்த தகடாக எடுங்கள், முடித்த பிறகு நடுவில் கனமானி வைத்துப் பாருங்கள். பேசினெட்டின் உச்சியை இரண்டு பாதியாகச் செய்து பற்ற வைக்கிறவர்கள் வெல்டிங் தையலைப் பளபளப்புக்காக முழுசாகத் தேய்த்துவிடுகிறார்கள். பார்க்க அழகு, ஆனால் கோடரி இறங்கும் அதே கோட்டில் தகடு மெலிந்துவிடும். உள்பக்கம் தையலை விட்டுவைக்க வேண்டும்.

* * *

தகடு பற்றி அண்ணா மேலே சொன்னதோடு ரிவெட் பற்றிச் சேர்க்கிறேன். சண்டைக் களத்தில் தகடு கிழிவதை விட ரிவெட் போவதுதான் அதிகம்.

4 மில்லி தண்டுள்ள ரிவெட் என்றால் வாஷருக்கு வெளியே 4, 5 மில்லி மட்டும் நீட்டி நிற்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் அடிக்கும்போது தலை உருளாமல் தண்டு உள்ளேயே மடங்கும். வெளியே பார்க்கச் சரியாக இருக்கும், முதல் சண்டையில் ஆடும், இரண்டாவதில் கழன்றுவிடும். தோல் பக்கம் வாஷர் கட்டாயம். தோல் வார்களுக்குத் துளை வட்டமாகப் பஞ்ச் பண்ண வேண்டும். கத்தியால் கீறிய துளை அந்தக் கீறல் வழியே கிழிந்து போகும்.

அசையும் பட்டைகளுக்கு இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஓர் அட்டைத் துண்டு வைத்து ரிவெட்டை அடித்துவிட்டு அட்டையை உருவி எடுங்கள். அந்த இடைவெளிதான் அசைவு. நழுவும் ரிவெட் என்றால் 4 மில்லி அகலம், 10 முதல் 12 மில்லி நீளம் உள்ள பள்ளத்துளை. பள்ளத்தின் உள் ஓரத்தை அரம் போட்டு மழுக்காவிட்டால் அதுவே ரிவெட்டை அறுக்கும்.

முழங்கால் கிண்ணத்தின் நடு, உங்கள் முழங்கால் மடங்கும் அச்சில் இருக்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து, ஓடும்போது இரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கினால் கால் மடங்காது. அது அளவுத் தப்பு இல்லை, தொங்கும் கயிறு நீண்டுவிட்டது. தோல் கயிறு நனைந்தால் நீளும். மெழுகு தடவிய லினன் கயிறு போடுங்கள்.

* * *

கை. இதற்குத் தனியாகவே இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் எஃகுச் சண்டையில் விரல் முறிவு அவ்வளவு சகஜம்.

இங்கிலாந்தின் கான்டர்பரி தேவாலயத்தில் 'கறுப்பு இளவரசர்' எட்வர்டின் கைக்கவசம் இருக்கிறது. 1376இல் இறந்தவர் அவர். மணிக்கட்டில் குறுகி இருபுறமும் விரியும் அந்த வடிவத்தைத்தான் எல்லோரும் நகல் எடுக்கிறார்கள். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனித் தகடு உள்ள அந்த முறை அழகானது, காலத்துக்கும் சரியானது. ஆனால் கோடரியும் ஹால்பர்டும் (நீண்ட கம்பில் கோடரித் தலை வைத்த ஆயுதம்) புழங்கும் குழுச் சண்டையில் நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரு விரலின் மேல் முழு அடி விழுந்தால் அந்த விரல் மட்டும் தனியாக அதைத் தாங்க வேண்டும். நான்கு விரலும் ஒரே ஓட்டுக்குள் இருக்கும் கூட்டு உறை அடியைப் பங்கு போடும்.

சரிபார்க்கும் முறை: கைக்கவசத்தைப் போட்டு ஆயுதத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள். விரல் தகடுகளின் நுனி கைப்பிடியைத் தொட வேண்டும். தொட்டால் மேலே விழும் அடி தகடு வழியாக நேராகக் கைப்பிடியில் இறங்கும், உள்ளே விரல் சும்மா இருக்கும். தகடு நுனிக்கும் பிடிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் தகடு கீழே அமுங்கும், விரல் நடுவில் நசுங்கும். எத்தனை மில்லி கனமாக இருந்தாலும் அந்த இடைவெளி இருந்தால் பயனில்லை. கட்டைவிரலுக்கும் இதே விதி, ஆனால் அங்கே தவறு அதிகம். கட்டைவிரல் தகட்டைத் தோலில் மட்டும் கட்டினால் அது பக்கவாட்டில் சரியும். கீல் வைத்துக் கையுறை ஓட்டோடு இணைக்க வேண்டும், நகத்துக்கு அப்பால் அரை சென்டிமீட்டராவது நீட்ட வேண்டும்.

* * *

விரல் தகடு பற்றி எனக்கு மாற்றுக் கருத்து. ஒருவருக்கொருவர் நீண்ட வாள் போட்டியில் கூட்டு உறை போட்டால் பிடியை மாற்றவே முடியாது. அங்கே நல்ல சூட்டுப்பதம் கொடுத்த தனி விரல் தகடு போதும். குழுச் சண்டைக்கு நீங்கள் சொல்வது சரி.

நான் எழுத வந்தது தலை. உள் அளவைக் கணக்குப் போடத் தெரியாமல் பலர் சின்னதாக வாங்கிவிடுகிறார்கள். தலைச் சுற்றளவு 58 சென்டிமீட்டர், சுற்றிலும் 2 சென்டிமீட்டர் மெத்தை வேண்டுமென்றால் தலைக்கவசத்தின் உள் சுற்றளவு 70.5 சென்டிமீட்டர். 64, 65இல் வாங்கினால் ஒரு சென்டிமீட்டர் மெத்தைதான் மிஞ்சும், அதுவும் அடி விழும்போது அமுங்கிப்போகும்.

தாடைப் பட்டி ஒற்றையாக இருந்தால் பின்னாலிருந்து இழுக்கும்போது கவசம் முன்னே கவிழ்ந்து கண் மறையும். காதுக்கு முன்னும் பின்னுமாக நான்கு இடத்தில் பிடிக்கும் பட்டிதான் நிற்கும். மல்லாக்க விழுந்து பாருங்கள், மெதுவாக, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள. பேசினெட்டின் பின் கீழ் விளிம்பு கழுத்தெலும்பு முள்ளில் குத்தினால் அது உங்களுக்கு உரிய கவசம் இல்லை. பேசினெட்டின் விளிம்பிலிருந்து கழுத்தைச் சுற்றித் தொங்கும் இரும்பு வளைய வலைக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் மெத்தை தைத்திருக்க வேண்டும். வளையம் வெட்டைத் தடுக்கும், அதிர்ச்சியைத் தடுக்காது.

எஸ்சிஏ (Society for Creative Anachronism என்கிற, இடைக்கால வாழ்க்கையை மீட்டு நடத்தும் அமைப்பு) முறை வேறு. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய அந்த அமைப்பில் ஆயுதம் பிரம்பு, குறைந்தது ஒன்றேகால் அங்குலக் கனம். தலைக்கவசம் 1.6 மில்லி எஃகு, உள்ளே அரை அங்குல மூடிய துளை ஃபோம், முகக் கம்பிகளுக்கு இடையே ஒரு அங்குல உருளை நுழையக் கூடாது. பிரம்புக்குப் போதுமான அந்தத் தொகுதியை அப்படியே எஃகுச் சண்டைக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே குத்து உண்டு, பூகர்டில் குத்து தடை. பூகர்டில் இரண்டு பாதத்தைத் தவிர உடம்பின் மூன்றாவது புள்ளி தரையைத் தொட்டால் நீங்கள் வெளியே. ஆகவே மல்யுத்தமும் தள்ளலும்தான் பாதிச் சண்டை. தகடுகள் மடக்கு, முறுக்கு, இழுப்பு எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

* * *

மார்பு அங்கி பற்றி யாரும் எழுதவில்லையே. 1361இல் சுவீடனின் காட்லாந்துத் தீவில் விஸ்பி நகருக்கு வெளியே டென்மார்க் படை உள்ளூர் உழவர் படையைக் கொன்று குவித்தது. செத்தவர்களைக் கவசத்தோடு கூட்டுக் குழியில் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது கிடைத்த தகடு அங்கிகள்தான் இன்றைக்குச் செய்கிற பெரும்பாலான அங்கிகளுக்கு மாதிரி. சிலவற்றில் பெரிய தகடுகள் கொஞ்சமே, சிலவற்றில் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள். புதிதாகச் செய்கிறவர்களுக்கு முதல் வகை. தகட்டின் மேல் தகடு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் படிய வேண்டும். மேலே போர்த்தும் தோல் நீளாததாக இருக்கட்டும். தோல் நீண்டால் படிவு விலகி, நடுவில் விலா எலும்பு திறந்து நிற்கும்.

அந்தக் குழிகளின் எலும்புகளில் வெட்டுக் காயம் மிகுதியாக இருந்தது முழங்காலுக்குக் கீழே. கணைக்கால் கவசத்தைக் கடைசியாகச் செய்யலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதை நினைக்க வேண்டும். இப்போதைய விதிகள் பாதத்தையும் முழங்காலின் பின்புறத்தையும் அடிக்கக் கூடாதென்கின்றன, ஆனால் நெரிசலில் தவறி விழும் கோடரிக்கு விதி தெரியாது.

வளையச் சட்டை வாங்குகிறவர்கள் ரிவெட் அடித்த வளையமா என்று பாருங்கள். வெறுமனே முனை சேர்த்த வளையம் ஒரே இழுப்பில் வாய் திறக்கும். தூக்கிப் பிடித்தால் வளையங்கள் ஒன்றையொன்று நெருங்கித் தொங்க வேண்டும். நெசவை 90 டிகிரி திருப்பிச் செய்த கை, எடையில் வலை போல விரிந்து கைவிரல் வரை இறங்கும். போட்டபின் இடுப்பில் இறுக்கமாக வார் கட்டி, மேலே கொஞ்சம் இழுத்து விட்டால் தோளின் பாரம் பாதி இடுப்புக்குப் போகும்.

சண்டை முடிந்ததும் அங்கியைக் கழற்றிக் காற்றில் காய வையுங்கள், இரும்பின் மேல் போட்டு மூட்டை கட்டாதீர்கள். வியர்வை உப்பு ஒரே இரவில் துரு கட்டிவிடும். தாவரச் சாற்றில் பதனிட்ட தோலும் ஈரமாக இருக்கும்போது எஃகை அரிக்கும், அதனால் தோல் படும் உள்பக்கத்துக்கு முதலிலேயே வண்ணப் பூச்சு அடித்து விடுங்கள். வெளிப்புறத்துக்கு மினரல் ஆயில் மெல்லிசாக. ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடுவது எதுவோ அதைச் சாக்பீஸால் குறித்து வைத்து, அடுத்த பயிற்சிக்கு முன்பே மாற்றுங்கள்.