புதுப்பிப்பு: நெடுந்தீவுக்குப் போய் வந்துவிட்டோம்

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய் வர முடியுமா, மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடியும். ஆனால் விடிய எழும்ப வேண்டும்.

776 பஸ் பிடித்து, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. படகில் எங்களுக்கு முன்பே அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறியிருந்தன. ஒரு மணி நேரப் பயணம். உள்ளே டீசல் வாடை. மனைவி தேசிக்காயை (எலுமிச்சை) மூக்கில் வைத்தபடி கண்ணை மூடியவள், கரை வந்த பிறகுதான் திறந்தாள். வாந்தி எடுத்தது நான்!

தீவில் ஓட்டோ பிடித்துச் சுற்றினோம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டை சிதைந்து கிடக்கிறது. எனக்குப் பிடித்தது வேலிகள்தான். சாந்தே பூசாமல் பவளக்கல்லை அடுக்கி எழுப்பிய மதில்கள், ஓட்டை வழியே அடுத்த வளவு தெரிகிறது. பருத்த அடிமரமுள்ள பெருக்க மரத்தின் (பாவோபாப்) பொந்துக்குள் இருவரும் நின்றோம். குதிரைகள் தூரத்தில் புல் மேய்ந்தன, கிட்டப் போனதும் நகர்ந்துவிட்டன.

அப்புறம், தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கடைசிப் படகு நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். நாங்கள் ஓடித்தான் பிடித்தோம்.